கிராதிக்கு இந்தப் பக்கம்

கேளம்பாக்கம்
9.7.2024

அன்புள்ள அத்தானுக்கு,

தோத்திரம் என்று ஆரம்பிக்க வேண்டும். கை வரவில்லை. அதை நீங்களே போட்டு வாசித்துக்கொள்ளுங்கள்.

நான் போனை எடுப்பதில்லை என்று நம் மகள் ஜென்சியிடம் புகார் மேல் புகார். எடுத்தால் என்ன ஆகும்? நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீங்கள் ஒன்பது வார்த்தை சொல்வீர்கள். கல்யாணமாகி முப்பத்தாறு வருடமாக அதுதானே நடக்கிறது? கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அவள் சிறுசேரிக்கு வேலைக்குக் கிளம்பிப் போனபிறகு இந்த ஒன்பதாம் மாடியில் எனக்கு வேறு வேலையும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் செய்ததை நீங்கள் மறந்தாலும் நான் மறக்கமாட்டேன். திருவிருந்து ஆராதனை. பீடத்துக்கு முன்னால் இருக்கும் மரக் கிராதி ஓரமாக வரிசை வரிசையாக முழங்காலிட்டு எல்லோரும் அப்பமும் திராட்சரசமும் வாங்கினோம். கடைசி வரிசையில் செல்லியம்மாள் வந்து முழங்காலிட்டாள். பத்தொன்பது வருடமாக நம் கோயிலைக் கூட்டித் துடைக்கிற செல்லியம்மாள். நான் எடுத்துக்கொடுத்த வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் ஏந்திக்கொண்டிருந்தாள். வெளியூரிலிருந்து வந்த ஆயர் அவளிடம் வர இன்னும் இரண்டே பேர் பாக்கி. நீங்கள், சேகரச் செயலாளர் சாலமோன் அவர்கள், அவள் பின்னால் போய்த் தோளில் தட்டினீர்கள். "எந்திரி. திடப்படுத்தல் வாங்காதவங்களுக்கு இது கிடையாது" என்றீர்கள். மைக் பக்கத்தில் இருந்தது. சபை முழுக்கக் கேட்டது.

அறுபது வயதுக்காரியை "எந்திரி" என்று சொல்ல எப்படி வாய் வந்தது? ஏந்திய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் அதை முந்தானையில் துடைத்துக்கொண்டே எழுந்து போனாள்.

அவள் ஞானஸ்நானம் வாங்கிப் பதினோரு வருடமாகிறது. பேராயர் அவள் தலையில் கைவைத்துத் திடப்படுத்தவில்லை, பதிவேட்டில் தேதி இல்லை, அதுதானே குறை? 2015 வெள்ளத்தில் அடையாறு முடிச்சூர் ரோட்டுக்கு வந்தபோது நீங்களும் நானும் மொட்டை மாடியில் உட்கார்ந்து ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தோம். அவள் மார்பளவு தண்ணீரில் கோயிலுக்குள் போய் பதிவேடுகளைத் தலையில் சுமந்து பாடகர் மாடத்தில் ஏற்றினாள். "அதுல எல்லார் பேரும் கீதுல்லக்கா, நனைஞ்சா பாவமில்ல?" என்றாள். ஒரு எழுத்துக்கூட வாசிக்கத் தெரியாதவள். அவள் காப்பாற்றிய பதிவேட்டைக் காட்டியே அவளை எழுப்பிவிட்டீர்கள்.

அடுத்த திருவிருந்து ஆகஸ்ட் நான்காம் தேதி. அதற்குள் அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, அவளைக் கிராதிக்கு அழைத்து வாருங்கள். அதுவரை நான் தாம்பரம் வரமாட்டேன்.

பிரஷர் மாத்திரை மைக்ரோவேவ் மேல் இருக்கிறது. காலையில் ஒன்றுதான். கோபத்தில் இரண்டு போட்டுக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
பியூலா

*

மேற்குத் தாம்பரம்
13.7.2024

பிரியமுள்ள பியூலாவுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் தோத்திரம். நீ போடாமல் விட்டதற்கும் சேர்த்து இரண்டாக வைத்துக்கொள்.

ஸ்பீட் போஸ்ட்டில் சண்டை போடும் மனைவி இந்தச் சேகரத்துச் சபைகளிலேயே எனக்குத்தான் வாய்த்திருக்கிறாள். போஸ்ட்மேன் கையெழுத்து வாங்கும்போது, "அம்மா ஊர்ல இல்லீங்களா சார்?" என்று கேட்கிறான். நான் என்ன சொல்வது?

நீ டீச்சராக இருந்தவள், உனக்கு நான் ஒழுங்கைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டியதில்லை. திடப்படுத்தல் வாங்கியவர்களுக்கே திருவிருந்து. இந்தச் சட்டம் நான் போட்டதல்ல. என் அப்பா செயலாளராக இருந்த காலத்திலும் இதுதான். ரயில்வே ஆபீஸில் முப்பது வருடம் இருந்தவன் நான். டிக்கெட் இல்லாமல் ஒருவரை ஏற்றினால் பின்னால் ஒன்பது பேர் நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

அவளுக்கு நான் வாய்ப்பே கொடுக்காதவன் போல எழுதியிருக்கிறாய். மூன்று வருடம் திடப்படுத்தல் வகுப்பில் உட்காரவைத்தேன். மூன்று தடவையும், நாம் ஞாயிறுதோறும் எழுந்து நின்று சொல்லும் விசுவாசப் பிரமாணத்தை அவளால் முழுக்கச் சொல்ல முடியவில்லை. பதினாலு வயதுப் பிள்ளைகள் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். இவளுக்கு மட்டும் பாதி போதும் என்றால் அந்தப் பிள்ளைகள் என்னைக் கேட்கமாட்டார்களா? தகுதியில்லாமல் வாங்கினால் தண்டனை என்று வேதமே சொல்கிறது. ஒருவகையில் நான் அவளைக் காப்பாற்றினேன்.

மைக் பக்கத்தில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. அதற்கு மட்டும் வருத்தம். நவம்பரில் அடுத்த வகுப்பு. வந்து ஒப்பிக்கட்டும், முதல் ஆளாக நானே பெயர் எழுதுகிறேன்.

நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை. தோசை மாவு கடையில் வாங்கினேன், புளித்துப் போயிருந்தது. வந்துவிடு.

உன்
சாலமோன்

*

கேளம்பாக்கம்
24.7.2024

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை ஐந்து தடவை வாசித்தேன். ஒவ்வொரு தடவையும் கோபம் ஏறிக்கொண்டே போயிற்று. "அம்மா, இது ஸ்ட்ரைக்கா, லீவா?" என்று ஜென்சி கேட்கிறாள். ஸ்ட்ரைக்தான்.

டிக்கெட்டாம்! கர்த்தருடைய பந்தி என்ன, தாம்பரம் பீச் லோக்கலா?

செல்லியம்மாள் விசுவாசப் பிரமாணத்தில் எங்கே நிற்கிறாள் என்று உங்களுக்குத் தெரியும். ஏன் நிற்கிறாள் என்று ஒரு நாளாவது கேட்டீர்களா? நான் கேட்டேன். பிலாத்துவின் பெயர் வரும் இடத்தில் அவளுக்கு வாய் மூடிக்கொள்கிறது. "அந்த ஆளு பேரு எதுக்குக்கா? அவன்தான நம்ம சாமியக் கொல்லச் சொன்னான்? அவன் பேரச் சொன்னாத்தான் உள்ள வுடுவாங்களா?" என்றாள். டீச்சர் வேலையில் நான் முப்பத்திரண்டு வருடம் இருந்திருக்கிறேன். இப்படி ஒரு கேள்வியை எந்தப் பிள்ளையும் என்னிடம் கேட்டதில்லை. நீங்கள் அதற்கு ஃபெயில் போட்டீர்கள். மூன்று தடவை!

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். அன்றைக்கு அவளைக் கிராதிக்குப் போகச் சொன்னது நான்தான். அவள் பயந்தாள். "சார் திட்டுவாருக்கா" என்றாள். "நான் இருக்கேன், போ" என்றேன். நீங்கள் தட்டியபோது நான் எழுந்து நின்று "அவளை விடுங்கள்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு ஜெபம் பண்ணுகிறமாதிரி உட்கார்ந்திருந்தேன். உங்கள் மேல் உள்ள கோபத்தில் பாதி என் மேல்தான்.

அதனால் முப்பத்தாறு வருடமாக உங்களிடம் சொல்லாததைச் சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்துகொண்டு வாசியுங்கள்.

நான் திடப்படுத்தல் வாங்கவில்லை.

1977இல் பேராயர் எங்கள் ஹாஸ்டலுக்கு வந்தபோது எனக்கு அம்மை. என்னோடு படித்தவர்கள் வெள்ளைத் தாவணி போட்டுக்கொண்டு வரிசையாகப் போனார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருடமே, சபை உபதேசியாராக இருந்த அப்பாவுக்கு வேறு ஊருக்கு மாற்றலாயிற்று. புது ஊர் ஆயர் எதுவும் கேட்கவில்லை. உபதேசியார் மகளிடம் யார் கேட்பார்கள்? எல்லோரும் போனார்கள், நானும் போனேன். கல்யாணமாகித் தாம்பரம் வந்தேன். உங்கள் அப்பா என் பெயரைப் பதிவேட்டில் எழுதினார். அவரும் கேட்கவில்லை, செயலாளர் வீட்டு மருமகள் அல்லவா!

வெள்ளத்துக்குப் பிறகு, அவள் தூக்குவதற்குள் ஓரம் நனைந்துபோன பதிவேட்டைப் பார்த்துப் புதிதாக எழுதினோமே, ஞாபகம் இருக்கிறதா? நான் வாசித்தேன், நீங்கள் எழுதினீர்கள். என் பெயர் வந்தது. "தேதி?" என்றீர்கள். "தண்ணியில அழிஞ்சிருக்கு" என்றேன். பொய். அங்கே அழிவதற்கு ஒன்றுமே இல்லை. அப்புறம் பார்க்கலாம் என்று கட்டத்தைக் காலியாக விட்டீர்கள். திறந்து பாருங்கள், இன்னும் காலியாகத்தான் இருக்கும்.

திடப்படுத்தல் வாங்காத நான் உங்கள் வகுப்புப் பெண்களுக்கு ஆறு வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். ஒருத்தரும் என்னை எழுப்பவில்லை. கழுத்தில் சங்கிலியும் பெயருக்குப் பின்னால் உங்கள் பெயரும் இருந்தால் கேள்வி இல்லை; கையில் துடைப்பம் இருந்தால் கேள்வி. கர்த்தர் யாரை ஏற்றுக்கொள்வார் என்று ஞாயிறு பள்ளியில் எத்தனை வருடம் சொல்லிக்கொடுத்தோம்! அவருக்குப் பயந்து, நியாயமாக நடந்து, ஒன்றுமில்லாத கையோடு வருகிறவரை என்று. அப்படி வந்தவளைத்தான் தட்டி எழுப்பினீர்கள்.

ஆகஸ்ட் நான்காம் தேதி நான் வருவேன். கடைசி வரிசையில், அவள் முழங்காலிட்ட அதே இடத்தில் முழங்காலிடுவேன். சட்டம் சட்டம்தான் என்றால் வந்து என் தோளிலும் தட்டுங்கள். மைக் பக்கத்தில் இருக்கட்டும். இல்லையென்றால் எங்கள் இரண்டு பேரையும் விடுங்கள்.

பியூலா

*

மேற்குத் தாம்பரம்
29.7.2024

பிரியமுள்ள பியூலாவுக்கு,

தோத்திரம். உன் கடிதம் வந்தது. இரண்டு நாள் ஒன்றும் ஓடவில்லை. முதலில் இந்தக் கடிதத்தை வாசித்ததும் கிழித்துவிடு. ஜென்சிக்குக்கூடத் தெரிய வேண்டாம்.

நேற்று ஆராதனை முடிந்து எல்லோரும் போனபிறகு பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். நீ சொன்னது சரிதான், கட்டம் காலி. இந்த வயதில் உன்னைச் சின்னப் பிள்ளைகளோடு நிற்கவைத்துப் பேராயர் முன்னால் அனுப்ப முடியுமா? சபை என்ன பேசும்? செயலாளர் பெண்டாட்டியே இப்படி என்றால் நான் யார் முகத்தில் விழிப்பது?

அதனால் அந்தக் கட்டத்தை நிரப்பிவிட்டேன். 16.10.1977 என்று போட்டிருக்கிறேன். அது ஞாயிற்றுக்கிழமைதானா என்று காலண்டரில் சரிபார்த்துவிட்டுத்தான் எழுதினேன். அதே பழைய மை. யாருக்கும் சந்தேகம் வராது. அம்மை போட்டதற்கு நீ என்ன செய்வாய்? மனதளவில் நீ வாங்கியவள்தான். கர்த்தர் உள்ளத்தைப் பார்க்கிறவர்.

நாலாம் தேதி வா. எப்போதும்போல முதல் வரிசையில் என் பக்கத்தில் முழங்காலிடு. செல்லியம்மாள் விஷயம் வேறு, அதை இதோடு குழப்பாதே. அவள் நவம்பரில் வரட்டும்.

நீ நட்ட கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன்.

உன்
சாலமோன்

*

கேளம்பாக்கம்
5.8.2024

அத்தானுக்கு,

நேற்று நான் கோயிலுக்கு வந்ததைப் பார்த்தீர்கள். முதல் வரிசையில் எனக்கு இடம் பிடித்துக் கைக்குட்டை போட்டிருந்ததை நானும் பார்த்தேன். நான் கடைசி பெஞ்சில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில், செல்லியம்மாளோடு உட்கார்ந்தேன். எல்லோரும் கிராதிக்குப் போனார்கள். நான் எழுந்திருக்கவில்லை. நீங்கள் மூன்று தடவை திரும்பிப் பார்த்தீர்கள்.

முழங்காலிடுவேன் என்று எழுதிவிட்டு ஏன் கிராதிக்கு வரவில்லை என்று கேட்பீர்கள். வந்திருந்தால் நீங்கள் என் தோளில் தட்டியிருக்கமாட்டீர்கள். அதனால்தான் வரவில்லை.

உங்கள் கடிதத்தைக் கிழிக்கவில்லை. கிழிக்கவும் மாட்டேன். உள்ளத்தைப் பார்க்கிறவர் என்று எனக்காக எழுதத் தெரிந்ததே, அந்த ஒரு வரியை அவளுக்காக எழுத உங்களுக்கு என்ன வந்தது? அவள் ஒரு பெயரைச் சொல்ல மறுத்தாள், உண்மையாக மறுத்தாள், அவள் தகுதியில்லாதவள். நாம் இரண்டு பேரும் திருச்சபைப் பதிவேட்டில் பொய் சொன்னோம், நாம் முதல் வரிசை. ஐயோ, காலண்டரைப் பார்த்து எழுதினீர்களாமே! கிழமைகூடத் தவறாத பொய்!

"எனக்காவ நீ ஏங்க்கா பேஜார் பண்ணிக்கிற, நீ போயி வாங்கிக்க" என்று அவள் என்னைத் தள்ளினாள். "உனக்குக் கோபமே இல்லையா?" என்று கேட்டேன். "சாமிகிட்ட இன்னாக்கா கோவம்? சார்கிட்டதான் கோவம். சாமி எனக்காவ செத்துச்சு, எழுந்துச்சு, என்னை வுடாது. அவ்ளோதான் எனக்குத் தெரியும்" என்றாள்.

விசுவாசப் பிரமாணம் முழுவதும் அதில் இருக்கிறது, அத்தான். பிலாத்து மட்டும்தான் இல்லை.

ஆராதனை முடிந்ததும் அவள் எழுந்து துடைப்பத்தை எடுத்தாள். கிராதி ஓரத்தில் கிடந்த அப்பத் துணுக்குகளைக் கூட்டவில்லை. ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கி, வெளியே செடி அடியில் போய்ப் போட்டாள். "கால் படக் கூடாதுக்கா" என்றாள். நீங்கள் அப்போது வாசலில் எல்லோருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்தீர்கள்.

நான் கேட்கச் சொன்னது மன்னிப்பு. நீங்கள் எழுதியது தேதி. அந்தத் தேதியைச் சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் உங்கள் கையெழுத்தைப் போடுங்கள். ஏன் அடித்தேன் என்று சபைக்குச் சொல்லுங்கள். பிறகு செல்லியம்மாளைப் போய்ப் பாருங்கள். இந்த மூன்றையும் செய்த அன்றைக்கு எனக்குச் சொல்லி அனுப்புங்கள், அடுத்த பஸ்ஸில் வருவேன். உங்கள் மேல் ஆசை போய்விடவில்லை. போயிருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்கமாட்டேன்.

அதுவரை ஒவ்வொரு ஞாயிறும் இங்கிருந்து வந்து அந்தக் கடைசி பெஞ்சில் உட்காருவேன். அவள் எப்போது கிராதிக்குப் போகிறாளோ அப்போது நானும் போவேன். அவளுக்குக் கிடையாது என்றால் எனக்கும் கிடையாது.

வீட்டுச் சாவியை இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். என் பெயரைக் கட்டம் காலியாக இருந்தபடியே திருப்பிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
திடப்படுத்தப்படாத
பியூலா