ஏழாம் அத்தியாயத்தில் இறங்கிய திரை

1962, பிப்ரவரி 6
செவ்வாய்க் கிரக நாவலில் ஏழாம் அத்தியாயம் மொழிபெயர்க்கிறேன். காலையிலிருந்து வலது கண்ணில் கரிப்பொட்டுகள் மிதக்கின்றன. கணப்படுப்புக் கரியாக இருக்கும். பத்திரிகைத் தோழன் ஹொசாகா வந்தான். எங்கள் விஞ்ஞானக் கதைப் பத்திரிகையின் வாசகர்களை முதன்முறையாக ஒன்றுகூட்ட டோக்கியோவில் மண்டபம் பிடித்துவிட்டானாம். மே மாதம். நான் பேச வேண்டுமாம்.

பிப்ரவரி 8
கரி இல்லை. ஓரத்திலிருந்து கறுப்புத் திரை இறங்குகிறது. வரியின் கடைசிச் சொல் தெரியவில்லை. இடது கண் சிறுவயதிலேயே போனது. மனைவி ஃபுசாயேவிடம் எப்படிச் சொல்வது?

பிப்ரவரி 9
சொல்ல வேண்டியிருக்கவில்லை. சூப்புக் கிண்ணத்தை மேசைக்கு வெளியே வைத்தேன். ஃபுசாயே என் கோட்டை எடுத்து வந்து மாட்டி, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். விழித்திரை கழன்றிருக்கிறது, அறுவை செய்தாலும் உறுதியில்லை என்கிறார் மருத்துவர். இருக்கறதே ஒரு கண்ணு. அதுவும் போனா நான் என்ன பண்ணுவேன்? வேற என்ன தெரியும் எனக்கு?

பிப்ரவரி 15
ஃபுசாயே எழுதுகிறாள், நான் சொல்கிறேன். அறுவை முடிந்து இரு கண்ணுக்கும் கட்டு. தலை அசையாமலிருக்க இருபுறமும் மணல்மூட்டை. இருமக்கூடாது. பயமில்லை என்று எழுதச் சொன்னேன்.
"பொய்யெல்லாம் என்னால எழுத முடியாதுங்க."
சரி, எழுது. பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 20
ஹொசாகா செவ்வாய் நாவலின் ஆங்கிலத்தைக் கடித்துக் குதறி வாசித்தான். நான் ஜப்பானியத்தில் சொல்ல, ஃபுசாயே எழுதினாள். பக்கத்துக் கட்டிலில் கூரை ஓடு வேயும் நுகுயி.
"காத்து தீர்றதுக்குள்ள அவங்க கப்பலுக்குப் போய்ச் சேர்ந்தாங்களா?"
அது நாளைக்கு என்றான் ஹொசாகா.
"நாளைக்கு எனக்கு ஆபரேஷன்யா. இப்பவே சொல்லு."
வாசித்தோம். 

மார்ச் 2
கட்டை அவிழ்த்தார்கள். ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரிகிறது. அவ்வளவுதான்.

மே 27
மண்டப வாசலில் நின்றுவிட்டேன். எத்தனை பேர் என்று கேட்டேன்.
"உக்கார இடமில்ல. சுவரோரமா நிக்கறாங்க" என்றான் ஹொசாகா.
தயாரித்த பேச்சு மறந்துபோயிற்று. எல்லோரும் வந்ததற்கு நன்றி என்று மட்டும் சொன்னேன். கைத்தட்டல் நிற்க வெகுநேரமாயிற்று.

ஜூன் 11
குருடனுக்கு யார் வேலை தருவார்கள் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். பதிப்பகத்திலிருந்து மொழிபெயர்க்கப் புது நாவல் வந்திருக்கிறது. ஃபுசாயேவுக்கு ஆங்கில எழுத்துகள் மட்டும்தான் தெரியும். முதல் வரியிலேயே தடுக்கினாள். எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னேன். எனக்கும் தெரியாத சொல்.
அகராதியை எடுத்து வந்தாள் என்று எழுதச் சொன்னேன். பொய்யாகிவிடுமென்று, எடுத்து வந்த பிறகுதான் எழுதினாள்.