அப்பாவின் போனுக்கு இன்னும் வந்துகொண்டிருப்பவை

மீசை நரைத்த பிறகும் கார்ட்டூன் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்த என் அப்பாவுக்கு,

சாரல் ஆரம்பித்துவிட்டது. தென்காசி முழுக்க ஈரத்துணி வாசனை. காலையில் மலையையே காணோம்; மேகம் நம் மாடி வரைக்கும் இறங்கி வந்து நிற்கிறது. சாரல் விழுந்த முதல் நாள், தூக்கமா விழிப்பா என்று தெரியாத அந்த மங்கலில்தான் உங்கள் போனைத் திறந்தேன்.

நீங்கள் போனது அதற்குத் தெரியவில்லை அப்பா. உங்களுக்குப் பிடித்ததாகப் பார்த்துப் பொறுக்கி வீடியோவும் படமுமாகக் கொண்டுவந்து வைத்தது. மைக் அணைந்தது தெரியாமல் ஓர் அமைச்சர் வாயசைக்கிறார். கட்சித் துண்டு போட்ட பூனை மேடையில் தூங்குகிறது. அதற்கடுத்து, எந்த நாட்டு ஓவியரோ வரைந்த அருவி. நீல மலை, புகை மாதிரி தண்ணீர், ஆளரவமே இல்லை.

“ஏட்டி, இங்கன பாரு. இந்த அருவிக்கு ஒரு போலீசுகூட வேண்டாம் போலிருக்கே!” என்று சொல்லியிருப்பீர்கள். குற்றாலத்தில் சீசன் முழுக்க விசில் ஊதிக் கூட்டத்தை ஒழுங்குபடுத்திய ஏட்டய்யாவுக்கு வேறென்ன தோன்றும்?

வேலையில் இருந்தவரை அரசியல் பேசாமல் வாயைக் கட்டினீர்கள். ஓய்வு பெற்றுப் போன் வாங்கியதும் விட்டதையெல்லாம் பிடித்தீர்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் போனை நீட்டிவிட்டு, நானும் அம்மாவும் சிரிக்கிறோமா என்று எங்கள் முகத்தையே பார்ப்பீர்கள்.

அதனால்தான் அதில் எதையும் அமுக்காமல் வைத்திருந்தேன். தொட்டால் என் ருசியைக் கற்றுக்கொண்டுவிடும். உங்களுக்கென்று வருவதும் நின்றுபோனால் நான் என்ன செய்வேன்? பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் பயமாக இருந்தது.

சில நாள் கழித்துப் பூனைக்கும் ஓவியத்துக்கும் நடுவில் அந்தத் தலைவர் வந்தார். டிவியில் கண்டாலே நீங்கள் சேனலை மாற்றுவீர்களே, அவர்தான். மறுநாள் இன்னும் கொஞ்சம். பிறகு திறந்தாலே அவர் பேச்சுதான். அடுக்களைக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன்.

“ஆமா, நீ ஆபீஸ் போனப்புறம் நாந்தான் பாக்கேன். நல்லாத்தான பேசுதாரு?”

“அப்பாவுக்கு அவரைக் கண்டாலே ஆகாதேம்மா!”

“ஒங்கப்பாவுக்கு ஆகாது. நான் கல்யாணம் முடிஞ்ச நாள்லருந்து அந்தக் கட்சிக்குத்தான் ஓட்டு போடுதேன். அவுக கேக்கவும் இல்ல, நான் சொல்லவும் இல்ல.”

கேட்டீர்களா அப்பா? “நம்ம வீட்டு ஓட்டு ஒண்ணுகூடச் சிதறாது” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வீர்களே. அப்போதெல்லாம் அம்மா தலையாட்டிக்கொண்டே தோசை சுட்டிருக்கிறாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. உங்களை அழித்துவிட்டாள் என்று தோன்றியது. போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். அம்மா கேட்கவே இல்லை. மத்தியானங்களில் மடியில் கைவைத்து சும்மா உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் அவளாகவே சொன்னாள்.

“அதப் பாக்கும்போது ஒங்கப்பாகிட்ட சண்டை போடுத மாதிரி இருக்குட்டி. அவுகள எதுத்துப் பேசிப் பழக்கமில்ல. இப்பதான் வாய் வருது.”

பீரோவைத் திறந்தேன். போனை எடுத்துக் கொடுத்தேன். அவள் ஒரு பேச்சை முழுக்க ஓடவிட்டு, சுவரில் மாட்டியிருக்கும் உங்கள் படத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

“இதுக்கு என்ன சொல்லுதிய? சொல்லுங்க பாப்பம்.”

சொல்லிவிட்டு நிஜமாகவே காத்திருந்தாள். சன்னல் வழியாகச் சாரல் உள்ளே வந்துகொண்டிருந்தது. யாரும் எழுந்து அடைக்கவில்லை.

இனி அந்தப் போனை அவளிடமிருந்து வாங்க மாட்டேன் அப்பா. அதில் உங்களுக்குப் பிடித்தது ஒன்றுமே வராமல் போனாலும் வாங்க மாட்டேன். இத்தனை வருஷம் நீங்கள் பேசினீர்கள், அவள் கேட்டாள். இப்போது அவள் பேசட்டும். பேசி முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து, உங்களுக்குப் பதிலாக நான் ‘உம்’ கொட்டுகிறேன்.

எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டேன் என்று தானும் உங்களிடம் சொல்லாத,
உங்கள் மூத்த மகள்