காட்டேரி ஒதுக்கிய முந்தானை

12-9-2004, ஞாயிறு

நாங்கள் எடுத்த ரத்தக்காட்டேரி படத்தை இன்று மாலை, கேமராவையே டிவியில் மாட்டிக் காட்டினேன். தெருவே வந்திருந்தது. ஒருவர்கூடப் பயப்படவில்லை. காட்டேரியின் பல் கழன்று விழுந்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டவர்கள், அது பட்டுப்புடவை கட்டிய என் தங்கையின் கழுத்தைக் கடிக்கும் இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"ரத்தம் குடிக்கிற அவசரத்துலயும் முந்தானைய ஒதுக்கிகினு கடிக்குது பாருங்க. தறிக்காரப் பேய்தான் இது" என்றார் எதிர்வீட்டு அக்கா.

பக்கத்து வீட்டு மாமா போகும்போது, "அந்த ஒரு இடம்தாம்பா நம்புற மாதிரி இருந்துச்சு" என்றார். பாராட்டினாரா, கேலி செய்தாரா? இன்னும் புரியவில்லை.

காட்டேரியாக நடித்த குமார் பட்டு நெய்கிறவன். எல்லார் எதிரிலும் அவனைப் பிடித்துக்கொண்டேன். "நானா ஒதுக்கச் சொன்னேன்? படத்தையே கெடுத்துட்டியேடா!"

"நீ இன்னா சொன்னியோ அதத்தான் செஞ்சேன்" என்றான். பொய் சொல்லாதே என்று கத்தினேன். வைத்த சோற்றைத் தொடாமல் எழுந்து போய்விட்டான்.

வீடு காலியானதும், சத்தத்தைக் கூட்டி வைத்து அந்த இடத்தை மறுபடி போட்டேன். முதலில் சிரிப்பில் கேட்காமல் போன குரல் இப்போது கேட்டது. கேமராவுக்குப் பின்னாலிருந்து யாரோ பதறுகிறார்கள்: "டேய், பட்டு மேல ரத்தச் சாயம் பட்டுடப் போவுது, முந்தானைய ஒதுக்கிகினு கடிடா!"

சொன்ன ஞாபகமே இல்லை. நாலு தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். என் குரல்தான்.

குமார் வீட்டில் விளக்கை அணைத்துவிட்டார்கள்.