கருவாட்டு ஆசையும் அரைமணி நேரமும்

1983 ஆகஸ்ட், ஊரடங்கு இரவு

இத்தனையும் நடக்குமென்று நான் முன்னமே சொன்னேன். கலவரம் வரும், கண்டியில் கடைப் பின்னறையில் ஒளிவோம், பிள்ளைத்தாச்சியான தங்கை மகள் கமலா கருவாடு கேட்பாள், எல்லாம்.

ஆளில்லாத கடையென்று காட்ட வெளியே பூட்டுப் போட்டிருக்கிறது. பொரித்தால் மணமே எங்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

"பயத்திலை ரத்தத்து உப்புக் குறையும் பிள்ளை, அதுதான் நாக்குக் கேக்குது. அரைமணி பொறுத்தா அடங்குமெண்டு பெரிய டொக்டர் ஒருத்தர் எனக்குச் சொன்னவர்."

நான் சொன்னதை நம்பிப் பொறுத்தாள். ஆசை அடங்கவில்லை.

"எனக்கு மட்டும் ஏன் மாமா அடங்கேல்லை? வயித்துப் பிள்ளைக்கு ஏதும் குறையோ?"

வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். எரிச்சலாக வருகிறது. அவளிடம் எப்படிச் சொல்வேன், அப்படியொரு டொக்டரே இல்லையென்று.