அவரை விதையிடம் தோற்ற அமைச்சன் விடுத்த ஓலை

நலம் ஓங்குக, நீர்நிலைகள் நிறைக. மணற்குன்ற நாடாளும் மன்னர், பகைவரும் மதிக்கும் செங்கோலர், சேந்தன் பெருங்கோ அவர்களின் திருமுன்பு, அந்நாட்டின் கல்வி அமைச்சனும், கலைக்கடல் என்றும் ஐயம் தீர்க்கும் ஆசான் என்றும் அவையோர் அழைத்தபோதெல்லாம் ஒருமுறையேனும் மறுக்காமல் தலையசைத்தவனும், இப்பொழுது நீலவாய் நாட்டுச் சிறுவர் பள்ளியில் கடைசி வரிசையில் கால் மரத்துப்போய் அமர்ந்திருப்பவனுமாகிய அரங்கன் மாறாயன் வணங்கி விடுக்கும் ஓலை.

நம் நாட்டுப் புதிய பள்ளியின் திறப்பு நாள் நெருங்கிவிட்டதென்றும், நீலவாய் நாட்டார் குழந்தைகளுக்கு இயற்கையைக் கற்பிக்கும் ஏட்டுக்கட்டை உடனே கொண்டு வருக என்றும், வாராவிடில் அடியேன் இயற்றிய ‘இயற்கை ஆயிரம்’ என்னும் செய்யுள் நூலையே குழந்தைகள் மனப்பாடம் செய்யட்டும் என்றும் தாங்கள் விடுத்த ஆணை கிடைத்தது. என் நூலுக்கு இத்தகைய பெருமை வரும் என்று வாழ்நாளெல்லாம் காத்திருந்தவன் நான். வந்ததும் அது வேண்டாம் என்று சொல்லவே இவ்வோலையை எழுத அமர்ந்தேன்.

நடந்ததைக் கேட்டருள்க. இப்பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு குழந்தையிடம் ஒரே ஓர் ஏட்டைத்தான் கொடுப்பார்கள். அதைப் படித்து, அது சொன்னதைத் தன் கையால் செய்து, கண்டதைத் தானும் ஓர் ஏட்டில் எழுத வேண்டும். எழுதியதை வேறொரு குழந்தை படித்து, அதேபோல் செய்து, அதையே கண்டால்தான் அடுத்த ஏடு கைக்கு வரும். அயல்நாட்டார் எவரும் இவ்வாறு கற்றுத் தேறிய ஏடுகளை மட்டுமே படியெடுத்துச் செல்லலாம் என்பது இந்நாட்டு அரசியாரின் கட்டளை. ஒரு பொழுதில் முடித்துவிட்டு விருந்துக்குப் போகலாம் என்று எண்ணி, பல்லக்குத் தூக்கிகளை வாயிலிலேயே நிற்கச் சொன்னேன். அவர்கள் இப்பொழுது இவ்வூரில் தென்னந்தோப்புக் காவலுக்குச் சேர்ந்துவிட்டார்கள்.

முதல் ஏடு அவரை விதையைப் பற்றியது. விதையிலிருந்து முதலில் வெளிவருவது எது என்று கேட்டிருந்தது. முதல் வரியைப் படித்த மாத்திரத்தில் எழுந்து, கதிரவன் அழைக்கத் தளிரே முதலில் வரும் என்று செய்யுளாகவே விடை சொன்னேன். ஆசிரியை எயினி நங்கையார் மிகுந்த பணிவுடன், அமைச்சர் அதைக் கண்டதுண்டா என்று வினவினார். அச்செய்தி என் நூலிலேயே உள்ளது என்றேன். குழந்தைகள் சிரித்தார்கள். என் நகைச்சுவையை மெச்சுகிறார்கள் என்று நினைத்து நானும் சிரித்தேன்.

பிறகு செய்தும் காட்டினேன். தாங்கள் பரிசளித்த பொற்கிண்ணத்தில் மண் நிரப்பி, விதையைப் புதைத்து, நீர் நம் தகுதிக்குக் குறைவென்று பன்னீர் வார்த்தேன். பொறுமையில்லாமல் காலையும் மாலையும் தோண்டிப் பார்த்தேன். அடியில் துளையில்லாத கிண்ணத்தில் விதை அழுகி, பள்ளியே மூக்கைப் பொத்தியது. அருகில் அமரும் பூதி என்னும் சிறுமி, முன்பல் விழுந்தவள், ஏட்டின் கடைசி வரியைத் தாத்தா படிக்கவே இல்லையே என்று வருந்திக் கூறினாள். விதையை ஈரத்துணியில் பொதிந்து, நாள்தோறும் பிரித்துப் பார்க்குமாறு அங்கே தெளிவாக எழுதியிருந்தது. எழுத்தாணி பிடிக்கவே இன்னும் பழகாதவளுக்கு அவ்வரி தெரிந்தது, கலைக்கடலுக்குத் தெரியவில்லை.

வேறொரு விதை எடுத்து, என் பட்டு மேலாடையைக் கிழித்துப் பொதிந்து வைத்தேன். ஒரு காலையில் பிரித்தபோது தோல் வெடித்து, வெள்ளையாய் ஒரு முனை எட்டிப் பார்த்தது. தளிரன்று, வேர். படுக்க வைத்திருந்தும் அது கீழ்நோக்கியே வளைந்தது. மன்னர் பெருமானே, என் அறுநூற்றுப் பன்னிரண்டாம் செய்யுள் பொய் என்று தெரிந்த அந்தக் கணத்தில் எனக்கு வெட்கம்தான் வந்திருக்க வேண்டும். வந்ததோ மகிழ்ச்சி. அவையில் பொன்னாடை போர்த்தியபோதும் அப்படி ஒரு மகிழ்ச்சி வந்ததில்லை.

கண்டதை எழுதினேன். விதையைப் போற்றி நாற்பது அடிகள். பூதி முழுவதையும் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, இதில் விதை எங்கே இருக்கிறது என்று கேட்டாள். திருத்தினேன். மறுபடி திருத்தினேன். இறுதியில் நின்றது இவ்வளவே: வேர் முதலில் வந்தது. வெள்ளை நிறம். கீழே வளைந்தது. நான் எழுதியவற்றுள் மிகச் சிறியது இதுதான். அவள் இதைப் படித்து, செய்து, கண்டு, தலையசைத்தாள். நேற்று எனக்கு இரண்டாம் ஏடு கொடுத்தார்கள்.

ஆதலால் திறப்பு நாளுக்கு நான் வர இயலாது. தேறிய ஓர் ஏட்டின் படியையும் ஒரு பை அவரை விதையையும் இவ்வோலையுடன் அனுப்புகிறேன். எதைக் கண்டாலும் ஏன் என்று கேட்கும் நம் இளவரசி வேண்மாளும் அப்பள்ளியில்தான் சேரவிருக்கிறார். ‘இயற்கை ஆயிரம்’ அவர் கைக்குப் போனால், கேட்பதை விட்டுவிட்டு ஒப்பிக்கத் தொடங்கிவிடுவார். அதை நினைத்துத்தான் அஞ்சுகிறேன். என் பதவியைத் தாங்கள் யாருக்கு அளித்தாலும் சம்மதம். அது வரையில் எனக்குள்ள அதிகாரத்தால் பள்ளியாசிரியர்களுக்கு இடும் ஆணை இது: என் நூலைப் பேழையில் இட்டுப் பூட்டுக. குழந்தைகளிடம் இந்த ஓர் ஏட்டைக் கொடுத்து, கடைசி வரிவரை படிக்கச் செய்க. நான் இரண்டாம் ஏட்டில் தேறுவதற்குள் அவர்கள் முதல் ஏட்டை முடித்துவிட்டால் எனக்காகக் காத்திருக்க வேண்டாம். தாமே வினவி, தாமே செய்து, தாமே எழுதுக. நான் திரும்பி வந்து, அவர்கள் எழுதியதைப் படித்துக் கற்றுக்கொள்கிறேன்.

அரக்கில் இலச்சினை தெளிவாக விழாததைப் பொறுத்தருள்க. விதையைத் தோண்டுகையில் மோதிரம் மண்ணில் விழுந்துவிட்டது, இடுக்குகளில் இன்னும் மண் இருக்கிறது.

இங்ஙனம்,
அரங்கன்,
இரண்டாம் ஏட்டு மாணாக்கன்.