ஆரோக்கியமானவர் பட்டியலில் என் ரத்தம்

11-6-84, திங்கள்

டாக்டர் குருநாதனுக்குப் புதுப் பைத்தியம். மாரடைப்பு வந்தவர்களைச் சர்க்கரை உள்ளவர், இல்லாதவர் என்று பிரித்து, ரத்தம் பார்த்துக் கட்டுரை எழுதப் போகிறாராம். இதயத் தசை செத்தால் ரத்தத்தில் எஸ்.ஜி.ஓ.டி. என்ற நொதி ஏறும். லேப்பில் அதை அளப்பது நான், பெயர் அவருக்கு! அரியலூரில் உட்கார்ந்துகொண்டு மெட்ராஸ் மாநாட்டுக்குக் கட்டுரை. கூரை ஏறிக் கோழி பிடிக்காதவன் வானம் ஏறி வைகுண்டம் போவானாம்.

14-6-84

சர்க்கரைக்காரர்களுக்கு வலியே இல்லாமல் அட்டாக் வருமாம். நல்ல வேடிக்கை. வாயைக் கட்டத் தெரியாத கூட்டத்துக்கு இத்தனை ஆராய்ச்சி!

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத பத்துப் பேர் வேண்டுமாம். "எனக்கும் எடுத்துக்கங்க சார்" என்றேன்.

"சர்க்கரை இருக்கா?"

"கிடையாது சார்."

போன மாதம் என் மூத்திரத்தை நானே சோதித்தேன். செங்கல் நிறம் — சர்க்கரைதான். சோதனை மருந்து பழசு என்று கொட்டிவிட்டேன். என் மனைவி குஞ்சம்மாளிடம் மூச்சு விடவில்லை. நானும் அந்தக் கூட்டமா?

19-6-84

காலையிலிருந்து வேர்வை, குமட்டல். வலி இல்லை. கேஸ்தான். சோடா குடித்தேன்.

20-6-84

இன்று என் ரத்தத்தை எடுத்து எஸ்.ஜி.ஓ.டி. பார்த்தேன். நாற்பதுக்குள் இருக்க வேண்டியது நூற்று முப்பது. மறுபடி பார்த்தேன், நூற்று முப்பத்திரண்டு. ரசாயனம் கெட்டிருக்கும். மற்ற ஒன்பது பேருக்கும் சரியாகத்தானே வந்தது? என் எண்ணை அடித்துவிட்டு வாட்ச்மேன் வைரக்கண்ணுவின் ரத்தத்தை எடுத்து நிரப்பினேன்.

21-6-84

அடித்த எண்ணை டாக்டர் பார்த்துவிட்டார்.

"இது யாருது மாயவன்?"

"மிஷின் கோளாறு சார்."

என் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அதையே பார்த்தார். "உங்களுக்கு சர்க்கரை இருக்குல்ல?"

ஈ.சி.ஜி. எடுத்தார். அட்டாக்கேதான், வந்து இரண்டு நாளாம். ரெண்டு நாளா மாடிப்படி ஏறி எறங்கிட்டு இருந்தேனே, அடப்பாவி!

பயமா இருக்கு.

26-6-84

படுக்கை. "பொண்டாட்டிகிட்ட மறைக்கலாம், ஒடம்புகிட்ட மறைக்க முடியுமா?" என்று குஞ்சம்மாள் அழுதாள்.

டாக்டர் நோட்டைக் காட்டினார். ஆண், 46, சர்க்கரை உண்டு, வலி இல்லை. கடைசிக் கட்டம் காலி. உயிருடன் வீட்டுக்குப் போனாரா, இறந்தாரா என்று கடைசியில்தான் எழுதுவாராம்.

7-7-84, சனி

வீட்டுக்குப் போகலாம் என்றார். நோட்டையும் பேனாவையும் என்னிடம் நீட்டினார். அவர் எழுத்து அவருக்கே புரியாது, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். கடைசிக் கட்டத்தில் 'உயிருடன்' என்று எழுதினேன். எழுத்து கோணிவிட்டது.