திருப்பி அனுப்பிய பால்சுறா

பேகம்பூர், திண்டுக்கல்
புதன்கிழமை

அன்பு மகன் முகமது ரஃபீக்குக்கு உன் அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் அத்தாவும் அல்லாஹ்வின் கிருபையால் நடமாடிக்கொண்டிருக்கிறோம், மாலத்தீவில் நீயும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்கிறேன், கோபமாக இருக்கும்போதும் கேட்கிறேன். தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் ஆரம்பித்தால் நீ யம்மா யம்மா என்று குழைந்து, சாப்டியா, மாத்திரை போட்டியா என்று கேட்டே என் வாயை அடைத்துவிடுவாய், நானும் பெற்றவள்தானே, இளகிவிடுவேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நம் தெரு இஷாக் லீவு முடிந்து உன் பக்கத்துத் தீவு ஓட்டலுக்குத் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். முழுவதும் படி, பாதியில் மடித்து வைக்காதே.

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, குழாயில் தண்ணீர் வருகிற நாள் வீட்டில் பெருநாள் மாதிரி இருக்கிறது. அத்தாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, ஆனாலும் தோல் மண்டிக்குப் போகாமல் இருக்க மாட்டேன் என்கிறார், வீட்டில் இருந்தால் என் முகத்தைத்தான் பார்க்கணுமாம், என்னிடமே சொல்கிறார், இருக்கட்டும். உன் தங்கை பாஸிலாவும் பிள்ளையும் செம்பட்டியில் அவள் மாமியார் வீட்டில் சுகமாக இருக்கிறார்கள். பிள்ளை உன்னைப் போலவே காதை மடித்துக்கொண்டு தூங்குகிறானாம். பார்த்துச் சொல்லவில்லை, கேட்டுத்தான் சொல்கிறேன். பிள்ளை பெற்ற நாற்பது நாள் முடியும் முன்னே அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள், எதனால் என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் இன்று நான் சொல்கிறேன், நீ கேள்.

போன லீவில் வந்தபோது நீ நடு வீட்டில் உட்கார்ந்து என்ன சொன்னாய்? "செத்த சுறா ஒரு நா கொழம்பும்மா, உசுரோட இருந்தா அந்தத் தீவுக்கே வருசம் முழுக்கச் சோறு" என்றாய். முன்னே தூண்டில் போட்டுச் சுறா பிடித்தவர்களே இப்போது படகில் ஆள் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுகிறார்கள் என்றாய். அது வளர்ந்து குட்டி போடவே வருசக்கணக்கு ஆகும், பிடித்துக்கொண்டே போனால் கடலில் மிஞ்சாது, அது இல்லாமல் போனால் மற்ற மீன்களின் கணக்கும் தப்பிப்போகும் என்றாய். ஆட்களைக் கடலுக்குள் கூட்டிப்போய்ச் சுறா காட்டுகிற உங்கள் தொழிலுக்கு ஒரு ஒழுக்கம் உண்டு, தொடக்கூடாது, துரத்தக்கூடாது, தீனி போடக்கூடாது, அது வீட்டுக்கு நாம் போகிற விருந்தாளி, ஓரமாக இருந்து பார்த்துவிட்டு வரணும் என்று நீ சொன்னபோது எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. தோல் வியாபாரி பெத்த பிள்ள சுறாவுக்கு உருகுதே என்று அத்தா கேலி செய்தார், நான்தான் அவர் வாயை அடக்கினேன். என் மகன் அல்லாஹ் ஒப்படைத்த அமானிதத்தைக் காக்கிற வேலை பார்க்கிறான் என்று தெரு முழுக்கச் சொன்னேன். சுறாவுக்கு வக்கீல் வருது என்று கல்யாண வீட்டுப் பந்தியில் பொம்பளைகள் சிரித்தார்கள், சிரிக்கட்டும் என்று இருந்தேன்.

அப்புறம்தான் பாஸிலாவுக்குப் பிள்ளை பிறந்தது. அவள் மாமியார் ஜீனத் இராமேசுவரத்துப் பக்கம் யாரிடமோ சொல்லி வைத்து, ஐஸில் போட்ட பால்சுறாவைத் தூக்குவாளியில் கொண்டுவந்து என் அடுப்படியில் இறக்கினாள். நம் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு கொடுக்காத வீடு எது? உன்னைப் பெற்றபோது நானே வாரம் தவறாமல் தின்றவள்தான். ஆனால் நீ சொன்னது காதில் நின்றது. நான் மாட்டேன் என்றேன். பால் ஊறப் பூண்டு இருக்கிறது, முருங்கைக்கீரை இருக்கிறது, சுறாவை அறுத்துத்தான் பால் கொடுக்க வேண்டுமா என்று கேட்டேன். ஜீனத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. "வாங்கியாந்தத அவிச்சுக் குடுக்கக்கூட உங்களுக்குக் கை வரலையா சம்பந்தி, எம் மருமக வயித்தவிட ஒங்க மகன் பேச்சு பெருசா?" என்று கேட்டாள். பெருசுதான் என்றேன், ரஃபீக். யோசிக்காமல் சொன்னேன். அவள் தூக்குவாளியோடு என் மகளையும் பேரனையும் கூட்டிக்கொண்டு காரில் ஏறிவிட்டாள். பாஸிலா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு உனக்குப் போன் போட்டபோது, "யம்மா நீதாம்மா கெத்து" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்புக்காகவே எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன்.

போன வெள்ளிக்கிழமை ஜீனத்திடமிருந்து எனக்கு ஒரு வீடியோ வந்தது. ஒரு வார்த்தை எழுதவில்லை அவள், சிரிக்கிற பொம்மை ஒன்று மட்டும் போட்டிருந்தாள். கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தேன். கடலுக்குள் போகிற உடுப்பும் முகமூடியுமாகப் படகில் ஒருவன் நின்று தமிழில் பேசுகிறான், "பயப்படாதீங்க மக்களே, இது நம்ம வீட்டுப் பூன மாதிரிதான், கூப்ட்டா வந்துரும்" என்கிறான். அப்புறம் தண்ணீருக்கடியில் பாறை இடுக்கில் இருந்த டப்பாவைத் திறந்து சூரைமீன் தலையை எடுத்து ஆட்டுகிறான். அம்மாடி, அம்புட்டுப் பெரிய சுறா, உடம்பெல்லாம் புலிக்கு இருக்கிற மாதிரி வரி, வாயைத் திறந்துகொண்டு வருகிறது. அவன் அதன் மூக்கைக் கையால் தள்ளிவிடுகிறான். கூட வந்தவன் அதன் முதுகுத் துடுப்பைப் பிடித்துத் தொங்குகிறான், இவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறான். யாரோ வேறு பிள்ளை, குரல் மட்டும் உன்னுடையது மாதிரி இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். மேலே வந்து முகமூடியைக் கழற்றினாய். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகும் உனக்கு ஒரு வழி விட்டேன். மறுநாள் போனில் ஒன்றும் தெரியாதவள் மாதிரிக் கேட்டேன், ஏம்ப்பா, ஒங்க படகுல சுறாவுக்குத் தீனி கீனி போடுவீங்களா என்று. "சேச்சே, அதெல்லாம் கூடாதும்மா, நாங்க கிட்டக்கூடப் போக மாட்டோம்" என்றாய். கொஞ்சம்கூடக் குரல் தடுமாறவில்லை. நீ தீனி போட்டதைவிட அதுதான் என்னை அறுத்தது. செய்துவிட்டேன்மா, புத்தி கெட்டுப்போச்சு என்று சொல்லியிருந்தால் நான் ஜீனத்தின் கையைக் காலைப் பிடித்தாவது உன்னை நியாயப்படுத்தியிருப்பேன். ஊருக்குத்தான் உபதேசம் என்று அவள் இனி ஆயுசுக்கும் என்னைக் கேட்பாள், கேட்கத்தான் வேண்டும்.

இஷாக்கிடம் கேட்டேன். பக்கத்துப் படகுக்காரன் தீனி போடுகிறான், போடாவிட்டால் வெள்ளைக்காரனும் நம் ஊர்க்காரனும் அங்கே போய்விடுவார்கள், முதலாளி போடச் சொல்லியிருப்பார், அவன் என்ன பண்ணுவான் மாமி என்று உனக்குப் பரிந்து பேசினான். அத்தாவிடம் வீடியோவைக் காட்டினேன். வயித்துப் பொழப்பு, விடு என்பார் என்று நினைத்தேன். இரண்டு தரம் ஓட்டிப் பார்த்தார். அப்புறம், "நா ஆட்டுத்தோல விக்கிறேன், ஆட்டு மேல பாசம்னு சொல்லி விக்கலையே" என்றார். போனை என் கையில் கொடுத்துவிட்டு மண்டிக்குக் கிளம்பிவிட்டார்.

நான் கடல் பார்த்ததே இரண்டு தரம், உனக்குச் சொல்லிக் கொடுக்க எனக்கு ஒன்றும் தெரியாது. நீ சொன்னதைத்தான் உனக்குத் திருப்பிச் சொல்கிறேன். படகுச் சத்தம் கேட்டாலே சோறு வந்துவிட்டது என்று ஓடிவரப் பழகிய சுறாவுக்கு உன் படகு எது, குளிக்கிற பிள்ளை எது என்று தெரியுமா? நாளைக்கு யாரையாவது கடித்துவிட்டால் பழி அந்த வாயில்லா ஜீவன் மேல்தானே விழும், தூண்டிலைத் தூர வைத்தவர்கள் மறுபடியும் கையில் எடுக்க மாட்டார்களா? அந்தப் பல்லுக்கும் உன் விரலுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிகூட இல்லை, பாவி, அதைப் பார்த்து நான் எப்படித் தூங்குவேன்? முதலாளியிடம் போய்ச் சொல், இனி நான் தீனி போட மாட்டேன் என்று. அதே கேமரா முன்னால் நின்று, நான் செய்தது தப்பு, தீனி போடுகிற படகில் ஏறாதீங்க என்று அதே தமிழில் சொல். வேலை போனால் புறப்பட்டு வா, அத்தா மண்டியில் இடம் இருக்கிறது. தோல் நாறும், பரவாயில்லை, அது நாறும் என்று வாங்க வருகிறவனுக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை செம்பட்டிக்குப் போகிறேன், பேரனைப் பார்க்காமல் கண் பூத்துவிட்டது. வாங்க சம்பந்தி, மத்தியானம் சோத்துக்கு வெஞ்சனம் சுறாப்புட்டுத்தான் என்று ஜீனத் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருக்கிறாள். நான் தின்கிறேனா என்று பார்க்கத்தான் இப்படிச் செய்கிறாள், எனக்குத் தெரியும். பிள்ளையை மடியில் வாங்கிக்கொள்வேன், அவள் சொல்வதையெல்லாம் தலை குனிந்து கேட்டுக்கொள்வேன், வெறும் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு வருவேன். நீ சொன்ன பேச்சை நீ விட்டுவிட்டாய், நான் விடவில்லை.

அல்லாஹ் உன்னைக் கடலிலும் கரையிலும் காப்பானாக, உன் நாக்கையும் சேர்த்துக் காப்பானாக. இஷாக்கிடம் பூண்டு ஊறுகாயும் காது வலிக்கு மருந்தும் கொடுத்திருக்கிறேன், சளி இருக்கும்போது தண்ணீருக்குள் இறங்காதே. தீனி போடுவீங்களா என்று அன்றைக்குக் கேட்டதை மறுபடியும் போனில் கேட்பேன், அதே கேள்வியைத்தான் கேட்பேன், யோசித்துவிட்டுப் பதில் சொல்.

உன் வாய்ச்சொல்லை நம்பிய
அம்மா கமர்ஜஹான்